உரைகல் யாருடையது?



"தகவல் பாதுகாப்புத் தணிக்கையாளரைத் தேர்ந்தெடுப்பது எப்படி" என்பது மென்பொருள் தொழில் நடத்தும் உங்கள் சங்கத்தில் எனக்கு இடப்பட்டிருக்கும் தலைப்பு. சங்கச் செயலாளர் இதைத் தொலைபேசியில் சொன்னபோது, "மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கி, அவற்றுள் குறைந்ததற்குக் கையெழுத்துப் போடுவதுதானே வழக்கம், இதில் ஒரு மணி நேரம் பேச என்ன இருக்கிறது?" என்று வேடிக்கையாகக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "அந்த வழக்கத்தைப் பற்றித்தான் ஐயா பேசவேண்டும்" என்றார். ஆகவே பேச வந்திருக்கிறேன்.

முதலில் உங்களை ஒரு பாங்கிக்கு அழைத்துச் செல்லுகிறேன். அவசரத்துக்குப் பணம் வேண்டியவர் ஒருவர், மனைவியின் வளையலைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு நகைக்கடன் கேட்கப் போகிறார். அங்கே மூலையில் ஒரு சிறு மேஜை; அதன் பின்னே நகை மதிப்பீட்டாளர். அவர் வளையலை வாங்கி, கல்லில் உரைத்து, எடை போட்டு, இத்தனை கிராம், இன்ன மாற்று என்று எழுதிக் கையெழுத்திடுகிறார். அதற்கான கட்டணத்தைக் கடன் வாங்குகிறவரே கொடுக்கிறார். ஆனால் அந்த மதிப்பீட்டாளரை நியமித்தது யார்? பாங்கி. கட்டணம் நம் பையிலிருந்து போனாலும் ஆள் பாங்கியின் ஆள். அதனால்தான் அவர் எழுதும் சீட்டுக்குப் பாங்கியில் மதிப்பு. "எனக்குத் தெரிந்த ஆசாரி ஒருவர் இருக்கிறார், அவரையே உரைத்துப் பார்க்கச் சொல்லுகிறேன், அவர் சொல்வதை வைத்துக் கடன் கொடுங்கள்" என்று நாம் சொன்னால் பாங்கி மானேஜர் என்ன செய்வார்? நம்மை மரியாதையாக வாசல் வரைக்கும் கொண்டுவந்து விடுவார்.

நம் தொழிலிலோ நடப்பது முற்றிலும் அதுதான். ஐ.எஸ்.ஓ. 27001 என்ற தகவல் பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டுமென்று வாடிக்கையாளர் கேட்கிறார். சாக்-2 என்ற தணிக்கை அறிக்கை வேண்டுமென்று அமெரிக்காவிலிருந்து கேட்கிறார்கள். கேட்பவர் அங்கே இருக்கிறார். பரீட்சிக்கப்படுகிறவர் இங்கே இருக்கிறார். பரீட்சிப்பவரைத் தேடிப் பிடித்து, பேரம் பேசி, சம்பளம் கொடுத்து அழைத்து வருபவரும் இங்கே இருக்கிற அவரேதான். நகை நம்முடையது, கடன் கேட்பது நாம், ஆசாரியைக் கூட்டி வருவதும் நாம். இப்படியொரு ஏற்பாட்டில் ஆசாரியை எந்த மனத்தோடு தேடவேண்டும் என்பதே இன்று நான் பேசப்போகிற விஷயம்.

நம் ஊரில் 'ஆடிட்டர்' என்ற சொல்லுக்கு ஒரு தனி வாசனை உண்டு. குடும்ப ஆடிட்டர் என்பவர் நம் கணக்கை நமக்காகப் பார்ப்பவர். வரி இலாகாவிலிருந்து கடிதம் வந்தால் நமக்காகப் பதில் எழுதுபவர். நம் வீட்டுக் கல்யாணத்தில் முதல் வரிசையில் உட்காருபவர். அவர் நம் மனிதர். அந்தப் பழக்கத்தோடேயே நாம் தகவல் பாதுகாப்பு ஆடிட்டரையும் தேடப் புறப்படுகிறோம். தொந்தரவு கொடுக்காதவரா, அனுசரித்துப் போகிறவரா, சீக்கிரம் முடிப்பவரா என்று விசாரிக்கிறோம். ஆனால் இவர் நம் மனிதர் அல்லவே! உங்கள் மென்பொருளை வாங்க எண்ணும் மருத்துவமனையின் அதிகாரி ஒருவர், கடல் கடந்து விமானமேறி உங்கள் அலுவலகத்துக்கு வந்து ஒவ்வொரு சர்வரையும் பார்க்க முடியாது. அவர் வந்து பார்க்க முடியாததைப் பார்ப்பதற்காகத்தான் இவர் வருகிறார். அந்த வராத மனிதர் தாமே ஆள் தேடியிருந்தால் யாரைத் தேடியிருப்பாரோ, அவரை நாம் தேடினோமா? இந்த ஒரு கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கேளுங்கள்.

தணிக்கையும் சான்றிதழும் இருந்தும் ஒரு ஸ்தாபனம் எப்படி மண்ணோடு மண்ணாகப் போகும் என்பதற்கு ஹாலந்து தேசத்துக் கதை ஒன்று உண்டு. பெவர்வைக் என்ற ஊரில் டிஜினோட்டார் என்றொரு கம்பெனி இருந்தது. நீங்கள் ஓர் இணையதளத்துக்குப் போகும்போது, "இது உண்மையாகவே அந்தத் தளந்தான்" என்று உங்கள் பிரவுசருக்கு உறுதி சொல்லும் மின்சான்றுகளை வழங்குவது அதன் தொழில். அந்த நாட்டு அரசாங்கமே தன் இணைய சேவைகளுக்கு அதன் சான்றுகளை உபயோகித்தது. நம்பிக்கையையே சரக்காக விற்ற கம்பெனி. வெளித் தணிக்கையாளரின் சான்றும் அதன் கையில் இருந்தது. 2011-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் அதற்குள் ஒருவன் புகுந்தான். ஜூலையில் கம்பெனி அதைக் கண்டுபிடித்தது. தனக்குத் தெரிந்த கள்ளச் சான்றுகளை ரத்து செய்துவிட்டு வெளியே மூச்சு விடாமல் இருந்தது. கூகுளின் பெயரில் வெளியான கள்ளச் சான்று ஒன்று மட்டும் அந்தக் கணக்கில் சிக்காமல் வெளியே உலவியது. ஆகஸ்டு கடைசியில் ஈரான் தேசத்து இணைய உபயோகஸ்தர் ஒருவர் தம் பிரவுசர் காட்டிய எச்சரிக்கையைப் பார்த்துச் சந்தேகப்பட்டு எழுதியபோதுதான் உலகம் விழித்துக்கொண்டது. செப்டம்பர் 3-ம் தேதி நள்ளிரவு தாண்டிய வேளையில் அந்நாட்டு மந்திரி பத்திரிகையாளர்களைக் கூட்டி, அந்தக் கம்பெனியின் சான்றுகளை இனி நம்பவேண்டாம் என்று அறிவித்தார். அந்த மாதமே கம்பெனி திவாலாயிற்று.

பிறகு ஃபாக்ஸ்-ஐ.டி. என்ற நிறுவனம் உள்ளே போய் ஆராய்ந்தது. 500-க்கு மேற்பட்ட கள்ளச் சான்றுகள் பிறந்திருந்தன. ஏறத்தாழ 3 லட்சம் இணைய முகவரிகளிலிருந்து, பெரும்பாலும் ஈரானிலிருந்து, மக்கள் கூகுள் தளத்துக்குப் போனபோது அந்தக் கூகுள் சான்றை எதிர்கொண்டிருந்தார்கள். இவ்வளவு பெரிய வீழ்ச்சிக்கு என்ன காரணம்? ஏதோ அசுர சாமர்த்தியம் என்று நினைப்பீர்கள். சர்வர்களில் வைரஸ் தடுப்பு மென்பொருள் இல்லை. வெளியுலகை நோக்கிய சர்வர்களில் மென்பொருள் பழையது, திருத்தங்கள் போடப்படவில்லை. சான்று வழங்கும் சர்வர்கள் அனைத்தும் ஒரே விண்டோஸ் டொமைனுக்குள், ஒரே பெயரையும் கடவுச்சொல்லையும் கொண்டு எல்லாவற்றையும் எட்டலாம் என்ற நிலையில் இருந்தன. அந்தக் கடவுச்சொல்லும் வலுவற்றது. நண்பர்களே, இவற்றில் எதைக் கண்டுபிடிக்க மேதை வேண்டும்? சர்வரின் முன்னே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "எங்கே, காட்டுங்கள்" என்று சொல்லும் பழக்கம் ஒன்று போதுமே! சான்று இருந்தது, காட்டச் சொல்லும் கண் இல்லை.

அந்தக் கண் யாரிடம் இருக்கிறதென்று முன்கூட்டியே அறிவது எப்படி? இங்கேதான் நாம் முதல் தவறு செய்கிறோம். பெரிய பெயர் பார்க்கிறோம். கம்பெனியின் பெயர் பெரிதாக இருக்கலாம். உங்கள் வாசலில் வந்து இறங்குபவர் யார்? ஒப்பந்தம் பேச வருபவர் நரைத்த தலையும் இருபது வருஷ அனுபவமும் உள்ளவராக வருவார். தணிக்கை நடத்த வருபவர் போன மாதம் வேலைக்குச் சேர்ந்த பிள்ளையாக இருப்பார். பிள்ளையின் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை, ஆனால் உங்கள் மென்பொருள் முழுவதும் மேகக் கணினியில், கன்டெய்னர்களில் ஓடுகிறதென்றால், "சர்வர் அறையின் தீயணைப்புக் கருவி எங்கே?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவரால் உங்களுக்கும் பயனில்லை, வராத மனிதருக்கும் பயனில்லை. ஆகையால் கையெழுத்துக்கு முன்னே வரப்போகிறவரின் பெயரைக் கேளுங்கள். அவரோடு அரை மணி பேசுங்கள். "எங்களைப் போன்ற கம்பெனியில் கடைசியாக என்ன குறை கண்டீர்கள்? பெயர் வேண்டாம், குறையை மட்டும் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். கண் உள்ளவர் உற்சாகமாகச் சொல்ல ஆரம்பிப்பார். அவரை நிறுத்துவதுதான் கஷ்டமாக இருக்கும். மற்றவர் ஐ.எஸ்.ஓ. நிர்ணயத்தின் ஷரத்து எண்களை ஒப்பிப்பார்.

என் அனுபவத்தில் கண்ட ஒன்றைச் சொல்லுகிறேன். சென்னையில் எனக்குத் தெரிந்த ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம். முதல் வருஷம் வந்த தணிக்கையாளர் ஒன்றரை நாள் இருந்தார், கொள்கைப் பத்திரங்களைப் படித்தார், பிரியாணி சாப்பிட்டார், குறை ஒன்றும் இல்லை என்று எழுதிவிட்டுப் போனார். முதலாளிக்குப் பரம சந்தோஷம். அடுத்த வருஷம் என் சிபாரிசின் பேரில் ஒரு பெண்மணி வந்தார். வந்தவுடன் அவர் கேட்டது, சென்ற ஓராண்டில் வேலையை விட்டுப் போனவர்களின் பட்டியல். "அதை மனிதவளப் பிரிவு எனக்கு நேரே தரவேண்டும், ஐ.டி. பிரிவின் வழியாக வேண்டாம்" என்றார். அதிலிருந்து ஐந்து பெயரைத் தாமே பொறுக்கி எடுத்து, அந்த ஐவரின் கணக்குகள் எந்தத் தேதியில் மூடப்பட்டன என்று திரையில் காட்டச் சொன்னார். நான்கு மூடியிருந்தன, ஐந்தாவது திறந்தே கிடந்தது. அந்தப் பையன் போய் நாலு மாதம் ஆகியிருந்தது. அன்று இரவே முதலாளி என்னைக் கூப்பிட்டு, "என்ன சார், ஆடிட்டரை அனுப்பச் சொன்னால் போலீஸ்காரியை அனுப்பியிருக்கிறீர்கள்?" என்று கொதித்தார். "இருக்கட்டும், அந்தக் கணக்கு எதைத் திறக்கும்?" என்று கேட்டேன். சிறிது நேரம் பதில் இல்லை. பிறகு மெல்லிய குரலில், "எல்லா வாடிக்கையாளருடைய பேக்கப்பையும்" என்றார்.

அந்தப் பெண்மணி பெயர்களைத் தாமே பொறுக்கியதைக் கவனித்தீர்களா? நெல் மண்டியில் மூட்டை வாங்குகிறவர், விற்கிறவர் மேலாக அள்ளிக் காட்டும் ஒரு பிடியைப் பார்த்துப் பணம் கொடுப்பதில்லை. குத்தூசியைத் தம் கையில் வாங்கி, தாம் விரும்பிய மூட்டையில், தாம் விரும்பிய இடத்தில் குத்தி எடுத்துப் பார்க்கிறார். தணிக்கையிலும் குத்தூசி யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி. "சாம்பிள் ஐந்து அனுப்புங்கள்" என்று மின்னஞ்சல் எழுதுகிறவர் குத்தூசியை உங்கள் கையிலேயே கொடுத்துவிடுகிறார். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அது ஒரே பானையாக இருந்தால்தான் சரி. சென்னையில் ஒரு அலுவலகம், மதுரையில் ஒன்று, வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர் இருபது பேர் என்றால் அங்கே மூன்று பானைகள் கொதிக்கின்றன.

இனி, வேண்டியவர், வேண்டாதவர் என்ற விஷயத்துக்கு வருகிறேன். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில், முதற் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டப்பட்ட கல்வெட்டுக்களைப் பற்றிக் குடவோலை முறை என்ற பெயரில் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். ஓலை போட்டுத் தேர்ந்தெடுத்த அற்புதத்தை மாத்திரம் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். யாரைப் போடக்கூடாது என்ற பகுதியைத்தான் நான் பெரிதாக எண்ணுகிறேன். ஊர்ச் சபையின் வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவன் கூடாது. அவன் மட்டுமா, அவனுடைய சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மாமன் மக்கள் என்று உறவுக்காரர்களும் கூடாது. சென்ற மூன்றாண்டுக்குள் வாரியத்தில் இருந்தவனும் கூடாது. உறவும் பழக்கமும் கண்ணை மறைக்கும் என்பதை அந்தச் சபையார் கல்லில் எழுதி வைத்தார்கள்.

இன்றைய சர்வதேச நிர்ணயங்களும் இதையேதான் வேறு பாஷையில் சொல்லுகின்றன. ஐ.எஸ்.ஓ. சான்றிதழ் வழங்கும் அமைப்பு, தான் சான்றளிக்கும் விஷயத்தில் ஆலோசனைத் தொழில் செய்யலாகாது. உள்தணிக்கை செய்து கொடுத்திருந்தால் குறைந்தது இரண்டாண்டு ஆனபிறகே சான்றளிக்க வரலாம். காரணம் வெளிப்படை. பாடம் சொல்லிக் கொடுத்தவரே பரீட்சைத் தாளையும் திருத்தினால் தம் மாணாக்கனை எப்படித் தோற்கடிப்பார்? பணக்கணக்குத் தணிக்கையில் இதற்குக் கொடுத்த விலையை உலகம் அறியும். ஆர்தர் ஆண்டர்சன் என்ற மாபெரும் தணிக்கை நிறுவனம் என்ரான் கம்பெனியிடமிருந்து 2000-ம் ஆண்டில் தணிக்கைக்காக 2 கோடியே 50 லட்சம் டாலரும், மற்ற வேலைகளுக்காக 2 கோடியே 70 லட்சம் டாலரும் வாங்கியது. இரண்டாவது தொகை முதல் தொகையைவிடப் பெரிதாக இருப்பதைப் பாருங்கள். அடுத்த ஆண்டில் என்ரான் விழுந்தது. அதையடுத்து ஆண்டர்சனும் விழுந்தது.

நம்மிடையே இந்தத் தோஷம் எந்த வேஷத்தில் வருகிறது? "ஆயத்தம் செய்வதிலிருந்து சான்றிதழ் வரை அனைத்தும் நாங்களே, ஒரே விலை" என்ற வேஷத்தில் வருகிறது. ஆலோசகர் ஒரு பெயரில், சான்றளிப்பவர் வேறு பெயரில், இருவருடைய விலாசமும் ஒரே மாடிப்படியில்! இப்போது மென்பொருள் வாங்கினால் தணிக்கையாளரும் கூடவே வருகிற பொட்டலம் ஒன்று சந்தைக்கு வந்திருக்கிறது. மென்பொருள் நல்லதாகவே இருக்கலாம். ஆதாரங்களைத் திரட்டி வைக்கும் சிரமத்தை மெய்யாகவே குறைக்கிறது. நானும் அதை உபயோகிக்கச் சொல்லுவேன். ஆனால் தணிக்கையாளருக்கு அடுத்த வேலை அந்த மென்பொருள்காரரின் தயவில்தான் வருமென்றால், அவர் குத்தூசியை எவ்வளவு ஆழமாகக் குத்துவார்? மென்பொருளை அங்கே வாங்குங்கள். ஆளை நீங்களே தேடுங்கள்.

பரீட்சிப்பவரைப் பரீட்சிப்பவர் யார்? ஐ.எஸ்.ஓ. என்ற ஸ்தாபனம் நிர்ணயத்தை எழுதி வெளியிடுகிறதே தவிர, யாருக்கும் சான்றிதழ் தருவதில்லை. இது நம்மில் பலருக்குத் தெரியாது. சான்றிதழ் தரும் அமைப்புகளை அங்கீகரிக்க பல தேசங்களில் மேலமைப்பு உண்டு. நம் நாட்டில் இந்தியத் தரக் குழுமத்தைச் சேர்ந்த என்.ஏ.பி.சி.பி., இங்கிலாந்தில் யூகாஸ். சான்றிதழ் எழுதப்போகிறவரின் பெயர் அந்த மேலமைப்பின் பட்டியலில், அதுவும் தகவல் பாதுகாப்பு என்ற துறையிலேயே, இருக்கிறதா என்று பாருங்கள். அங்கீகாரமற்ற அச்சுக்கூடங்கள் அநேகம். சாக்-2 விஷயம் வேறு. அது அமெரிக்கக் கணக்கர் கழகத்தின் முறை. சி.பி.ஏ. உரிமம் பெற்ற நிறுவனமே அதில் கையெழுத்திட முடியும். கண்டிப்பாகச் சொன்னால் அது சான்றிதழே அன்று, ஓர் அபிப்பிராயம். ரிசர்வ் பாங்கு 2018-ல் பணப்பட்டுவாடாத் தகவல்களை இந்தியாவிலேயே வைக்கவேண்டுமென்று உத்தரவிட்டபோது, அதற்கான தணிக்கையை செர்ட்-இன் என்ற அரசாங்க அமைப்பின் பட்டியலில் உள்ளவர்களே செய்யவேண்டும் என்றது. அப்படிப்பட்ட தணிக்கையில் மட்டும் பாங்கியின் நகை மதிப்பீட்டாளரைப் போல ஆளை எதிர்த்தரப்பு ஓரளவு தேர்ந்து வைத்துவிடுகிறது. எந்தத் தணிக்கை வேண்டுமென்று வாடிக்கையாளரிடம் எழுத்தில் கேட்டுக்கொண்டு அப்புறம் ஆள் தேடுங்கள். சாக்-2 கேட்டவரிடம் ஐ.எஸ்.ஓ. சான்றிதழை நீட்டி விழித்தவர்கள் உண்டு.

கொட்டேஷனைப் பார்க்கும்போது ரூபாயைப் பார்க்காதீர்கள், நாளைப் பாருங்கள். சான்றளிக்கும் அமைப்புகளுக்கென்று உள்ள நிர்ணயத்தில், இத்தனை பேர் வேலை செய்யும் கம்பெனிக்கு முதல் தணிக்கை இத்தனை நாள் என்று அட்டவணையே இருக்கிறது. பத்துப் பேர் வரை 5 நாள். ஐம்பது பேர் என்றால் சுமார் 10 நாள். எளிமையான அமைப்பு என்ற காரணம் காட்டி, 30 சதவீதம் வரையில் குறைக்கலாம்; அதற்கு மேல் கூடாது. அப்படியிருக்க, ஐம்பது பேர் கம்பெனியை இரண்டே நாளில் முடிக்கிறேன் என்பவர் எதைப் பார்ப்பார், எதைப் பாராமல் விடுவார்? விலை குறைந்ததன் ரகசியம் அங்கே இருக்கிறது.

சான்றிதழ் எதையெல்லாம் தழுவுகிறது என்ற எல்லை விஷயத்திலும் கொஞ்சம் கூர்மை வேண்டும். இரண்டாம் மாடிக்கு மட்டும் சான்றிதழ் வாங்கிவிட்டு, மென்பொருளை நான்காம் மாடியில் எழுதுகிற கம்பெனியை நான் பார்த்திருக்கிறேன். நல்ல தணிக்கையாளர் முதல் சந்திப்பிலேயே இதில் சண்டை போடுவார். சண்டை போடாதவரைப் பார்த்தால் நீங்கள் போடுங்கள்.

அவர் எழுதிய பழைய சாக்-2 அறிக்கை ஒன்றை, கம்பெனியின் பெயரை மறைத்துத் தரும்படி கேளுங்கள். இரண்டாம் வகை அறிக்கையில், அதாவது ஒருநாள் நிலையை மட்டும் சொல்லாமல் பல மாத நடப்பைச் சோதித்து எழுதும் அறிக்கையில், ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் எதிரே என்ன செய்து பார்த்தோம் என்று எழுதியிருக்கும். அங்கே வினைச்சொற்களைப் படியுங்கள். "விசாரித்தோம்" என்று இருக்கிறதா? "நேரில் கண்டோம்" என்று இருக்கிறதா? "ஆவணத்தைச் சரிபார்த்தோம்", "நாங்களே மீண்டும் செய்து பார்த்தோம்" என்று இருக்கிறதா? பக்கத்துக்குப் பக்கம் "விசாரித்தோம், இருக்கிறது என்று நிர்வாகம் சொன்னது" என்றே போகுமானால், அந்த மனிதர் வளையலைக் கல்லில் உரைக்கவே இல்லை, "தங்கந்தானே?" என்று உங்களையே கேட்டு எழுதிக்கொண்டு போயிருக்கிறார். எனக்குத் தெரிந்த ஒரு கம்பெனியின் அறிக்கையில் மூன்றாம் பக்கத்துக்குமேல் வேறொரு கம்பெனியின் மென்பொருளைப் பற்றிய வருணனை அப்படியே இருந்தது. அதை அமெரிக்க வாடிக்கையாளர்தாம் கண்டுபிடித்தார். ஒப்பந்தம் போயிற்று.

மேடைக்குச் சீட்டுகள் இரண்டு வந்திருக்கின்றன. ஒன்று: "குறை எழுதிவிட்டால் சான்றிதழ் போய்விடாதா?" போகாது. சிறு குறை, அதாவது நாம் மைனர் என்.சி. என்பது, திருத்தும் திட்டத்தைக் காட்டினால் அடங்கும். பெரிய குறையைத் திருத்தி மெய்ப்பித்துவிட்டால் சான்றிதழ் வரும். சாக்-2 அறிக்கையிலும் இரண்டொரு விலகல் இருந்தும் அபிப்பிராயம் சுத்தமாக வருவது சகஜம். பக்கத்தில் உங்கள் விளக்கமும் அச்சாகும். நூறு கட்டுப்பாடுகளில் ஒரு சிறு பிசகுகூட இல்லாத அறிக்கையைக் கண்டால், வாங்கிப் பழகிய வாடிக்கையாளர் புருவத்தை உயர்த்துகிறார்.

இரண்டாவது சீட்டு: "தணிக்கையாளரை எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும்?" பணக்கணக்குக்கு 2013-ம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம் பங்குச்சந்தைக் கம்பெனிகளுக்கும் வேறு சில வகைகளுக்கும் விதி வைத்திருக்கிறது, தனி ஆடிட்டருக்கு 5 ஆண்டு, நிறுவனத்துக்கு 10 ஆண்டு. ஐ.எஸ்.ஓ. சான்றிதழுக்கு ஆயுள் 3 வருஷம்; நடுவே வருஷந்தோறும் கண்காணிப்புத் தணிக்கை உண்டு. அந்த மூன்று வருஷச் சக்கரம் முடியும்போது, நிறுவனத்தை வைத்துக்கொண்டாலும், வருகிற ஆளை மாற்றும்படி எழுதிக் கேளுங்கள். நான் சொன்ன அந்தச் சென்னை முதலாளி மூன்றாம் வருஷம் என்னைக் கூப்பிட்டார். "அந்தம்மாவுக்கு எங்கள் இடமெல்லாம் பழகிவிட்டது சார், இப்போது எங்களைக் கண்டால் சிரிக்கிறார். இன்னும் கொஞ்சம் முசுடான ஆள் யாராவது இருக்கிறாரா?" என்று கேட்டார். ஒரு பெயர் கொடுத்தேன். அடுத்த மாதம் அவர் அங்கே போகிறார்.